ஏவிஸுக்கு உட்வர்ட் என்ற பெயர் வந்தது

வாரினைப் புதைத்துப் பதினோரு வாரம் கழித்து, காட்டுக்குள் ஓர் ஓக் மரத்தின் வேரடியில் அவனுடைய குறி புதிதாக வெட்டப்பட்டிருந்தது. பக்கம் பக்கமாக மூன்று வெட்டு, நடுவில் இருப்பது மட்டும் கொஞ்சம் நீளம். அதை முதலில் பார்த்தவன் பன்றி மேய்க்கும் செர்லோ. பன்றிகளை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடி வந்தவன், கிணற்றடியில் நின்றிருந்த வாரினின் மனைவி ஏவிஸிடம்தான் முதலில் சொன்னான்.

"அக்கா, உன் வீட்டுக்காரரு காட்ட விட்டுப் போகல."

"என்னடா உளர்ற?"

"குறி போட்டிருக்காரு. ஈரமா இருக்கு. தொட்டே பாத்துட்டேன்."

விரலை நீட்டிக் காட்டினான். மரச்சாறு பட்டு நுனி பழுப்பேறியிருந்தது. ஏவிஸ் அந்த விரலைப் பார்த்தாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் பார்த்தது பெட்டியைத்தான். வாரினின் கைக்கோடரி அதற்குள் பூட்டிய இடத்திலேயே இருந்தது. சாவி அவள் கழுத்துக் கயிற்றில் இருந்தது.

ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்பதாம் வருஷம், செப்டம்பர் மாசக் கடைசி. இங்கிலாந்தில், வூஸ்டர் பக்கத்தில் எல்ம்பரி என்ற ஊர். வசந்தத்தில் கொள்ளைநோய் வருவதற்கு முன்பு நாற்பது வீட்டுக் கூரையில் புகை எழும். இப்போது பதினேழில்தான். பாதிரியார் போய்விட்டார், மணியடிக்கிறவனும் போய்விட்டான். பார்லி அறுவடைக்கு ஆளில்லாமல் வயலிலேயே கருத்துச் சாய்ந்து கிடந்தது. நடுப்பகலில் தெருவில் நின்றால் யாருமற்ற வீடுகளின் கதவுகள் காற்றில் அடித்துக்கொள்வது மட்டும் கேட்கும். அந்த மாதிரி ஊரில் செத்தவன் ஒருவன் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான் என்றால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

வாரின் அந்தக் காட்டின் காவல்காரன். காடு நிலப்பிரபுவுடையது. ஆனால் அதற்குள் திரியும் மான் அரசருடையது. அதனால் காவலுக்குப் போகிறவன் இரண்டு பேருக்கும் சத்தியம் செய்ய வேண்டும். வில் எடுத்துப் போகக் கூடாது, மானை அடித்துவிடுவான் என்று சந்தேகம். கைக்கோடரி மட்டும்தான். வருஷத்துக்கு ஏழு ஓக் மரம் ஊருக்கு என்று கணக்கு. எந்த ஏழு என்று அவன்தான் வேரடியில் குறி போட்டுச் சொல்வான். மரத்தை வெட்டிய பிறகும் அடிக்கட்டையில் குறி நிற்கும். குறியில்லாத கட்டை ஒன்று இருந்தால் ஊர் மொத்தமும் காட்டுக் குற்றங்களை விசாரிக்கும் மன்றத்தில் நிற்க வேண்டியதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மன்றத்திலிருந்து வந்தவர்கள் அந்த வருஷத்துக் கட்டைகளை எண்ணியபோது பதினாறு இருந்தன. பதினாறிலும் வாரினின் குறி. "ஏழுதான் என்னோடது, மீதி ஒன்பது நான் போடல" என்று அவன் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. கோட்டைச் சிறையில் நாற்பது நாள் போட்டார்கள். வெளியே வந்தபோது நெஞ்சுச் சளியோடு வந்தான். வேறு ஆள் கிடைக்காததால் வேலையை மட்டும் அவனிடமே விட்டு வைத்தார்கள்.

ஏவிஸும் நம்பவில்லை. அதுதான் அவளை இப்போது அரித்தது. "யாருக்கு வித்த? எனக்காவது உண்மையச் சொல்லு" என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது. அவன் சொன்னதையே திரும்பச் சொன்னான். அன்றிலிருந்து அவளுக்கு அவன் முகத்தைப் பார்த்துப் பேசப் பிடிக்கவில்லை. ஜூலையில் அவன் அக்குளில் கட்டி வந்ததும் தானாகவே மாட்டுக் கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். அவள் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, வைக்கோல் அள்ளும் நீளமான கவைக்கோலால் தள்ளி வைப்பாள். மூன்றாம் நாள் கிண்ணம் தொடாமல் இருந்தது. பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்த மகளுக்குச் சொல்லியனுப்பவும் வழியில்லை, பிணத்தைத் தொடவும் ஆளில்லை. சக்கரம் செய்யும் ஹேமோதான் வந்து, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, தோளில் போட்டுத் தூக்கிப் போனான். தேவாலயத்துச் சுவரோரம் குழி வெட்டி, ஜெபம் சொல்லக்கூட யாருமில்லாமல் அவன் ஒருவனே புதைத்தான்.

செர்லோ வந்து சொன்ன மறுநாள் ஊர்த்தலைவர் ஆஸ்பெர்ட் ஏவிஸ் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அடுத்த வாரம் காட்டு மன்றம். காவல்காரன்னு ஒருத்தன் போய் நிக்கலைன்னா காட்ட அரசர் எடுத்துக்குவாரு. அப்புறம் ஒரு சுள்ளி பொறுக்க முடியாது."

"போகச் சொல்லுங்க யாரையாவது."

"கேட்டுட்டேன். வாரின் திரியற காட்டுக்கு எவனும் வர மாட்டேங்கறான்." அவர் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார். "உன்னை ஒண்ணும் பண்ண மாட்டான்ல. பொண்டாட்டிதானே."

"பொம்பளய ஒத்துக்குவாங்களா?"

"ஆம்பளதான் வரணும்னு யாரும் எழுதி வைக்கல. மீதி உசுரோட இருக்கிறது யாருன்னுதான் இப்போ கேக்கறாங்க."

அவள் உடனே சரி என்றது ஆஸ்பெர்ட்டுக்கே ஆச்சரியம். கோடரி பெட்டியில் இருக்க மரத்தில் குறி எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

மன்றத்தில் மூன்று காட்டு நடுவர்கள் உட்காருவது வழக்கம். அன்றைக்கு இரண்டு பேர்தான் இருந்தார்கள். மூன்றாவது நாற்காலியை யாரும் அப்புறப்படுத்தவில்லை, காலியாகவே நின்றது. மூத்த நடுவர் சர் ஃபல்க் அந்தக் கோடையில் இரண்டு மகன்களைப் புதைத்தவர். ஏவிஸை ஏற இறங்கப் பார்த்தார், சிலுவையைத் தொட்டுச் சத்தியம் வாங்கினார், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். எழுத்தர்தான் இறகை வைத்துவிட்டு முணுமுணுத்தார். அவர் எழுதும் ஏடு முழுக்க லத்தீன். ஆனால் வாரினின் வேலைக்கு அவருக்கு லத்தீனில் சொல் கிடையாது. அவருக்கு முன்னால் எழுதியவருக்கும் கிடையாது. ஊர் வாயில் இருந்த சொல்லையே எடுத்து, வாலில் ஒரு லத்தீன் ஒட்டுப் போட்டு எழுதுவார்கள். உட்வர்ட். ஆண்பால் ஒட்டுத்தான் எப்போதும் போட்டுப் பழக்கம். பெண்ணுக்கு என்ன போடுவது என்று தெரியாமல் கடைசியில் ஒட்டே இல்லாமல் விட்டுவிட்டார்.

பழைய சொல் அது. பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் கடல் கடந்து வந்து நாட்டைப் பிடிப்பதற்கு முன்பே இருந்தது. அப்போது வுடுவெயார்ட் என்பார்கள். வுடு என்றால் காடு, வெயார்ட் என்றால் காவலுக்கு நிற்கிறவன். காற்று சாய்க்கும் மரமெல்லாம் அவனுக்கே என்று அந்தக் காலத்திலேயே ஒரு வழக்கம். வந்தவர்கள் மான்கறிக்கும் மன்றத்துக்கும் சட்டத்துக்கும் தங்கள் சொற்களைக் கொண்டுவந்தார்கள். ஃபாரஸ்ட் என்பதே அவர்கள் கொண்டுவந்ததுதான். இந்த ஒன்றை அவர்கள் தொடவில்லை. மழையில் நனைந்துகொண்டு மரம் எண்ணும் வேலையை அவர்கள் ஒருநாளும் செய்ததில்லை அல்லவா? நம் வீட்டில் கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் புகட்டுகிறோமே, அந்த மருந்துப் புட்டியில் இருப்பதும் இதே சொல்தான். எப்படியோ எங்கெங்கோ சுற்றி அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஏவிஸ் கோடரியை இடுப்பில் செருகிக்கொண்டு காட்டுக்குள் போகத் தொடங்கினாள். அக்டோபரில் இன்னும் நான்கு மரங்களில் குறி வந்தது. குறி வந்த மரம் இரண்டு மூன்று நாளில் காணாமல் போகும், கட்டை மட்டும் நிற்கும். உச்சிப்பொழுதில் எங்கோ வெட்டும் சத்தம் கேட்கும். அவள் அந்தப் பக்கம் நடந்தால் நின்றுவிடும். கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் போலிருக்கும், வாய் வராது. ஒருமுறை மட்டும், பனிமூட்டம் இருந்த நாளில், "வாரின்" என்றாள். வெட்டும் சத்தம் சட்டென நின்றது. அவள் அங்கேயே உட்கார்ந்து காது கொடுத்தாள். பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

ஊரில் பேச்சு முற்றியது. பன்றிகள் தின்று கொழுக்கும் ஓக் விதை உதிரும் காலம். ஆனால் பன்றியைக் காட்டுக்குள் ஓட்ட செர்லோ மாட்டேன் என்றான். சுள்ளி பொறுக்கப் போன பெண்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். செத்தவன் திரிந்தால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியும். குழியைத் திறக்க வேண்டும், தலையை வெட்ட வேண்டும், மீதியை எரிக்க வேண்டும்.

"மன்றத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிடலாம்," என்றார் ஆஸ்பெர்ட். ஏவிஸை ஊர்க்கூட்டத்துக்குக் கூப்பிட்டு, மார்பில் கை கட்டிக்கொண்டு பேசினார். "உனக்கும் அதுதான் நல்லது. அவனும் அடங்குவான்."

"அவன் உங்கள என்ன பண்ணினான்?"

"மரம் வெட்டறான்ல."

"வெட்டின மரத்த என்ன பண்றான்? பேய்க்கு எதுக்கு ஓக்கு?"

கூட்டத்தின் பின்னாலிருந்து செர்லோவின் மனைவி, "உயிரோட இருந்தப்ப என்ன பண்ணினானோ அதையே பண்றான்" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஹேமோ கதவோரமாக நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஏவிஸ் புதிதாகக் குறி வந்த மரத்தடியில் மண்டியிட்டாள். அதுவரை அவள் குறியைப் பார்த்திருந்தாளே தவிரத் தொட்டதில்லை. பயம்தான். இப்போது விரலை உள்ளே விட்டாள். ஒரு பக்கம் சரிவாக இறங்கியது. மறுபக்கம் சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது. அவள் இடுப்பிலிருந்த கோடரியை எடுத்துப் பக்கத்தில் ஒரு வெட்டுப் போட்டு அதிலும் விரலை விட்டாள். இரண்டு பக்கமும் சரிந்து அடியில் கூடியது. இன்னொரு வெட்டுப் போட்டாள். அதேதான்.

எல்லாக் கோடரியும் இரண்டு பக்கமும் தீட்டியதுதான். ஒரு பக்கம் மட்டும் தீட்டிய கோடரி மரத்தைத் தட்டையாகச் செதுக்குகிறவர்களுக்கு வேண்டும். எல்ம்பரியில் அப்படி ஒன்று ஒரே ஒரு கொட்டகையில்தான் இருந்தது.

அவள் அங்கிருந்து நேரே, மன்றத்தார் எண்ணிய அந்தப் பதினாறு பழைய கட்டைகளைத் தேடிப் போனாள். இரண்டு வருஷத்தில் பாசி மூடியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு ஒவ்வொரு குறியிலும் விரலை விட்டுப் பார்த்தாள். ஏழு கட்டைகளில் வெட்டு இருபக்கமும் சரிந்திருந்தது. ஒன்பதில் சுவர் நின்றது.

அந்த ஒன்பதில் முதலாவதைத் தொட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒன்பதையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு கட்டையின் மேல் உட்கார்ந்து கையைப் பார்த்தாள், நகமெல்லாம் மண். அழுகை வரவில்லை. கொட்டகையில் அந்தக் கிண்ணத்தை கவைக்கோலால் தள்ளும்போது தரையில் உரசும் சத்தம்தான் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஹேமோ சக்கரத்துக்கு ஆரக்கால் செதுக்கிக்கொண்டிருந்தான். அவள் உள்ளே வந்து அவன் கையிலிருந்த கோடரியைப் பார்த்தபடி நின்றதும் வேலையை நிறுத்தினான்.

"எத்தனை பாத்தே?"

"எல்லாத்தையும்."

"உக்காரு ஏவிஸ்."

"வேணாம்."

அவன் கோடரியைத் திண்டில் வைத்தான். "அவன் மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. அவன் குறி மாதிரியே போடறது சுலபமா இருந்துச்சு. எண்ணிப் பாப்பாங்கன்னு நினைக்கல."

"சிறைக்குக் கொண்டு போனப்புறம் தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது."

"அப்பவும் வாயத் தொறக்கல நீ."

"நீயும்தான் அவன நம்பல." அவன் அதைக் குத்திக் காட்டும் குரலில் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னான். "ஊருக்கே கேட்டுச்சு."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவனப் பொதைக்க ஏன் வந்தே?" என்று கேட்டாள்.

"வேற யாரு வருவா? தோள்ல தூக்கினப்போ கனமே இல்ல. சிறையில சோறு போட்டாங்களோ இல்லையோன்னு நினைச்சேன்." அவன் மரத்தூளைக் காலால் ஒதுக்கினான். "பொணம் ஏத்தின வண்டியெல்லாம் எரிச்சாச்சு. சுத்துவட்டாரத்துல வண்டி இல்ல, எங்கிட்ட மரம் இல்ல. குறி இல்லாத கட்டை நின்னா ஊருக்கே வம்பு, அதான் பழையபடி அவன் குறியையே போட்டேன். பேய்னு அவங்களே சொன்னாங்க. நான் இல்லேன்னு சொல்லல, அவ்வளவுதான்."

"அவன் எலும்பத் தோண்டப் போறாங்க ஹேமோ. மன்றத்துல நீயே சொல்லிடு."

"என்னைக் கோட்டையில போட்டா நான் திரும்பி வர மாட்டேன். உனக்கே தெரியும்."

"சொல்லுவியா, மாட்டியா?"

"மாட்டேன்," என்றான் அவன். கோடரியைத் திரும்ப எடுத்தான். அவள் வெளியே வரும் வரை செதுக்கத் தொடங்கவில்லை.

நவம்பர் பதினொன்று, புனித மார்ட்டின் நாள். மன்றத்தில் ஆஸ்பெர்ட் எழுந்து, காட்டில் ஐந்து மரம் போனதையும் அதைச் செய்தது யார் என்பதையும் சொல்லி, குழியைத் திறக்க அனுமதி கேட்டார். எல்ம்பரி ஆட்கள் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்து அதையே சொன்னார்கள். சர் ஃபல்க் தாடையைத் தேய்த்துக்கொண்டு கேட்டார். அவருக்கும் அந்த வருஷம் நம்ப முடியாதது என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. எழுத்தரைப் பார்த்து எழுதச் சொல்லித் தலையசைக்கப் போனார்.

"ஐயா, நான் இன்னும் சொல்லல," என்றாள் ஏவிஸ்.

சாக்கைப் பிரித்தாள். கட்டைகளிலிருந்து அறுத்தெடுத்த இரண்டு துண்டுகளை மேசை மேல் வைத்தாள், ஒன்று பழையது, ஒன்று ஈரம் காயாதது. "விரல விட்டுப் பாருங்க ஐயா." பிறகு தன் கோடரியை வைத்தாள். "இது அவரோடது. அவர் செத்த நாள்லேருந்து எங்கிட்டதான் இருக்கு. இது அந்த வெட்டுல உக்காராது. ஹேமோவோட கோடரிய வாங்கிப் போட்டுப் பாருங்க."

கூட்டம் ஹேமோவைத் திரும்பிப் பார்த்தது. ஆளனுப்பிக் கோடரியைக் கொண்டுவரச் செய்ய மதியமாகிவிட்டது. சர் ஃபல்க் தானே அதை வாங்கிப் பழைய வெட்டில் வைத்தார். உறைக்குள் போவது போல இறங்கியது.

"இது உன்னுதா?" என்றார்.

ஹேமோ ஏவிஸைப் பார்த்தான். "என்னுதுதான்," என்றான்.

அந்த ஒரு சொல்லோடு ஊர் மொத்தமும் மாட்டிக்கொண்டது. மரம் ஹேமோவுக்குப் போனாலும் அவன் ஊருக்குள் கொடுத்த கிளையும் கொம்பும் எந்தெந்த வீட்டு அடுப்பில் எரிந்தன என்று நடுவர்கள் கேட்டார்கள். பேய் என்றால் யாரும் பொறுப்பில்லை. ஆள் என்றால் பதினேழு வீட்டில் பதினைந்து வீட்டுக்குப் பொறுப்பு உண்டு. சத்தியம் செய்த பன்னிரண்டு பேரின் பெயரையும் எழுத்தர் அபராதத்துக்கு ஒவ்வொன்றாக எழுதினார். ஹேமோவை மட்டும் பிணையில் விட்டார்கள், பெரிய நீதிபதி வரும்போது வந்து நிற்க வேண்டும் என்று. பெரிய நீதிபதி அந்தப் பக்கம் வரவேயில்லை. ஹேமோ சக்கரம் செய்துகொண்டிருந்தான், எல்லோரும் வாங்கினார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஏவிஸ் எழுத்தரின் மேசைக்குப் போனாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதினத அடிச்சிடுவீங்கல்ல? வாரின் மேல எழுதினது."

எழுத்தர் மையைத் துடைத்தார். "அந்தச் சுருள் கோட்டையில இருக்கும்மா. தைச்சு முத்திரை வச்சாச்சு. ஒரு தடவ எழுதினத அடிக்க முடியாது."

"தப்புன்னு தெரிஞ்சும்?"

"இன்னைக்கு நடந்தத இன்னைக்கு எழுதியிருக்கேன். அது அங்க இருக்கும், இது இங்க இருக்கும்."

"ரெண்டையும் சேத்துப் படிப்பாங்களா?"

"யாரும்மா படிக்கப் போறா?" என்றார் அவர். நல்ல மனுஷன்தான். உண்மையைச் சொன்னார்.

குழியை யாரும் தோண்டவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க ஏவிஸோடு யாரும் பேசவுமில்லை. ஹேமோவோடு பேசினார்கள். ஏல் என்ற பார்லி மது காய்ச்சும் வீட்டில் அவனுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அவள் போனால் பேச்சு நின்றுவிடும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். எதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், "உட்வர்ட் வருது பாரு" என்பார்கள், அஃறிணையில். "உட்வர்ட்கிட்டக் கேட்டுட்டுத் தும்மு" என்பாள் செர்லோவின் மனைவி, அவள் காதில் விழுகிற மாதிரி.

அவள் தினமும் காட்டுக்குப் போனாள். உச்சிப்பொழுதில் பழைய கட்டைகள் இருக்கும் பக்கம் போய் நிற்பாள். இப்போது அவளுக்குப் பயமில்லை. "வாரின்" என்று கூப்பிடுவாள், நாள் தவறாமல், சத்தமாகவே. நீ சொன்னது நிஜம்தான் என்று அவனிடம் சொல்ல வேண்டும். வெட்டும் சத்தம் கேட்கவில்லை. சருகு அசையக்கூட இல்லை. அங்கே அவன் இல்லை என்று இரண்டு நடுவர்களுக்கு முன்னால் நிரூபித்துக் காட்டியவளே அவள்தான். பிப்ரவரியில் ஒருநாள் கூப்பிட வாயெடுத்தவள், கூப்பிடாமல் திரும்பி வந்தாள். அதன் பிறகு கூப்பிடவில்லை.

வேலையை விடவில்லை. வருஷத்துக்கு ஏழு மரம். அவள் போட்ட குறி இரண்டே வெட்டு. புயலில் விழுந்த மரங்களைப் பழைய வழக்கப்படி தனக்கென்று எழுதச் சொல்லி, வெட்டி, எந்த வீட்டுக்கு என்று சொல்லாமல் தேவாலயத்துச் சுவரோரம் அடுக்கி வைப்பாள். எடுத்துப் போவார்கள். கேலியாக வைத்த பெயர் நாளாக நாளாக வெறும் பெயராகத் தேய்ந்தது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அது கேலி என்றே தெரியாது. ஏவிஸ் என்று ஒரு பெயர் அவளுக்கு இருந்ததையும் பலர் அறியவில்லை.

பத்தொன்பது வருஷம் கழித்து முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது கோடரியை மன்றத்தில் திருப்பி வைத்தாள். சர் ஃபல்க் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார். புதிய காவல்காரன் ரெனால்ட் என்றொருவன், சத்தியம் செய்தான். எழுத்தரும் புதியவர், இளைஞர். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, ஆஸ்பெர்ட்டின் மகனிடம் கேட்டார்.

"வேலைய விட்டுட்டுப் போறவங்க பேரு என்ன?"

"ஏவிஸ் உட்வர்ட்."

"உட்வர்ட் இப்போ ரெனால்டுதானே?"

"அவன் வேலைக்கு உட்வர்ட். இது அவங்க பேரு."

எழுத்தர் தோளைக் குலுக்கிவிட்டு ஒரே வரியில் அந்தச் சொல்லை இரண்டு முறை எழுதினார். பக்கத்து ஊரில் இருந்த ஏவிஸின் மகளுக்கு மூன்று பையன்கள். மூவரும் கூரை வேய்கிறவர்கள், காட்டுக் காவலுக்கு ஒருநாளும் போனவர்கள் இல்லை. பாட்டியின் பெயராலேயே ஊர் அவர்களைக் கூப்பிட்டது. ஏன் அந்தப் பெயர் என்று யாராவது கேட்டால், எங்கள் பாட்டனாரின் பேய்க்குக் காட்டில் காவல் வேலை இருந்தது என்று சொல்வார்கள். பேய் இல்லை என்ற பகுதியை ஏவிஸ் அவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். அவர்கள் நினைவில் அது நிற்கவில்லை.